காசாம்புவின் சட்டை

பாகூர் கடைத்தெருவில் பஷீர் அகமதுவின் துணிக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். சாயம் போனது, பொத்தான் மாறியது என்று ஒதுக்கிய முழுக்கைச் சட்டைகள் எல்லாம் அதில் கிடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள், வெயில் தாங்கப் புடவைமேல் போட்டுக்கொள்ள அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அந்தப் பெட்டி தந்த வரும்படியும் சேர்ந்துதான் பஷீரின் மகள் மெஹ்ரீனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது.

மெஹ்ரீன் அதிகம் பேசமாட்டாள். மாடியறையில் உட்கார்ந்து சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தக அட்டை வரைவது அவள் வேலை. தை மாதம் 'காசாம்பு' நாவலின் புதுப் பதிப்புக்கு அட்டை கேட்டார்கள். கடிதத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் கூடவே இருந்த நாவல் அது. காசாம்பு நடவுக்காரி. கறுப்பு, அகலத் தோள், புடவைமேல் ஆம்பளைச் சட்டை. "சட்டையக் கழட்டிட்டு வந்து நில்லு" என்று பண்ணைக்காரர் அதட்டும்போது, கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொள்வாள். அந்தப் பக்கத்தின் ஓரமே மெஹ்ரீனின் பிரதியில் கிழிந்துபோயிருந்தது.

காசாம்புவுக்கு முகம் தேடி வெகுதூரம் போகவில்லை. குருவிநத்தம் தனக்கொடி, கழனி வேலை முடித்து நேரே கடைக்கு வருகிறவள். மெஹ்ரீன் அவளைக் கடை வாசலில் நிறுத்தி போட்டோ எடுத்தாள்.

"இரு பாப்பா, இந்தச் சட்டையக் கழட்டிட்டு நிக்கிறேன்."

"வேணாங்கா. சட்டையோடதான் வேணும். அதான் காசாம்பு."

"பொஸ்தவத்துல நானா? எம்மூஞ்சிய பாத்து எவன் வாங்குவான்? பாய், ஒங்க பொண்ணுக்கு இன்னாமோ ஆயிடுச்சி!"

அதற்கப்புறம் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "பொஸ்தவம் வந்துச்சா பாப்பா? எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிட்டேன்."

போட்டோவைப் பார்த்து வரைந்த படம் நன்றாகவே வந்தது. அனுப்புவதற்கு முன்னால் பதிப்பகத்தின் மற்ற அட்டைகளை மெஹ்ரீன் ஒருமுறை பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவற்றுக்கு நடுவே தன் படம், பெரிய கடை ஒன்றில் அத்தா பஷீரின் அட்டைப்பெட்டியைக் கொண்டுபோய் வைத்ததுபோலத் தெரிந்தது. முதலில் சட்டையை எடுத்தாள். எடுத்ததும் கைகள் பருமனாகத் தெரிந்தன, இளைக்க வைத்தாள். நிறத்தைக் கொஞ்சம் தூக்கினாள். தலையில் பூ வைத்தாள். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். சென்னையில் ஒரே வரியில் பாராட்டிவிட்டு அச்சுக்குக் கொடுத்தார்கள்.

சித்திரையில் ஐந்து பிரதிகள் வந்தன. பீரோவில் துணிக்கடியில் ஒளித்து வைத்தாள். அத்தா எப்படியோ ஒன்றை எடுத்துப்போய்க் கடைக் கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்துவிட்டார். மெஹ்ரீன் சாப்பாடு கொண்டுபோன நேரம், தனக்கொடி அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"இது யாரு பாய்?"

"காசாம்பும்மா! நம்ம மெஹ்ரீன் போட்டதுதான்."

"இவளா நாத்து நட்டா? கல்யாணத்துக்குக் கெளம்புனவளாட்டம் கீறா!" என்று சிரித்தவள், மெஹ்ரீனைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "நான் சரியா நிக்கலியா பாப்பா? போட்டோ கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா... மெட்ராஸ்ல மாத்திட்டாங்க."

"அவனுங்களுக்கு இன்னா தெரியும்? சேத்துல கால வெச்சிருப்பானுங்களா? நீ இன்னா பண்ணுவ, வுடு." தனக்கொடி அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

திட்டியிருந்தால் மெஹ்ரீன் தாங்கியிருப்பாள். சாப்பாட்டுக் கூடையைக் கல்லாமேல் வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

"அக்கா, அவுங்க மாத்தல. நான்தான் மாத்தினேன். யாருமே கேக்கல."

தனக்கொடி அவளையே பார்த்தாள். "ஏம்மா?"

இதுவரை 'பாப்பா' என்றவள் 'அம்மா' என்கிறாள். பதில் மெஹ்ரீனின் வாய்வரை வந்தது. உங்களை மாதிரி இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். அதை எப்படிச் சொல்வது?

தனக்கொடி குனிந்து தன் சட்டைக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பஸ்ஸு வந்துடுச்சி" என்று ஏறிவிட்டாள்.

அன்றே மெஹ்ரீன் பதிப்பகத்துக்கு எழுதினாள். அட்டை தவறு, தவறு தன்னுடையது என்று எழுதி, முதலில் வரைந்த படத்தையும் அனுப்பினாள். அச்சடித்தாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்த பிரதியை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தனக்கொடி கடைக்கு வந்தாள். உச்சிவெயில். புடவை ஓரத்தில் சேறு காயவில்லை. மேலே சட்டை இல்லை.

"இன்னாம்மா, சட்டை எங்க?" என்றார் பஷீர்.

"பையில கீது பாய். கடத்தெருவுக்குள்ள அது எதுக்குன்னு கழட்டிட்டேன்."

மெஹ்ரீன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. மெஹ்ரீன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, பெட்டியிலிருந்த சட்டைகளை வெளியே எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்தவற்றைப் பிரித்து, திரும்ப மடிக்க ஆரம்பித்தாள்.