தகரக் கூரையில் ஓர் அணியம்

நான் பேருந்தை விட்டு இறங்கி நடந்து போனபோது அக்கா வீட்டின் புகைபோக்கி முற்றத்தில் படுத்துக் கிடந்தது. ஆளுயர உருக்குக் குழாய், நடுவில் முழங்கை மாதிரி மடிந்திருந்தது. அதன் தொப்பி மட்டும் வேலியோரம் உருண்டுபோய்ப் பனிக்குள் பாதி புதைந்திருந்தது. பக்கத்தில் அக்கா, அத்தானின் பெரிய சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு, தேநீர்க் கோப்பையுடன் நின்றார். வா என்றுகூடச் சொல்லவில்லை. “பார் தம்பி, உன்ர அத்தான்ர கெட்டித்தனத்தை” என்றுதான் வரவேற்றார்.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் பக்கத்து அறையில் கணவரோடு இருந்தவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவன். உணவகங்களில் கோப்பை கழுவினேன், கோழிப் பண்ணையில் நின்றேன், கொஞ்சக் காலம் கூரை வேலைக்காரர்களோடு ஏணி தூக்கினேன். வேலையும் அறையும் ஒன்றாகப் பறிபோன நாட்களில் பீலெஃபெல்ட் நகரில் அக்கா வீட்டுச் சோபாதான் என் விலாசம். எப்போது போவாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோழிக்கறி உறைக்குதா என்று மட்டும் கேட்பார். உறைத்தாலும் இல்லை என்பேன்.

அத்தான் ஓய்வு பெற்றதும் இருவரும் மலைப்பக்கம், காட்டோரமாக ஒரு பழைய வீட்டுக்குப் போனார்கள். ஆசை அத்தானுடையது. மன்னார்க் கடற்கரையில் பிறந்தவருக்கு மூன்றாம் மாடியில் மூச்சு முட்டியது. அக்காவுக்கோ பீலெஃபெல்டில் மாதா கோவில் பாட்டுக்குழு இருந்தது, பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லித்தான் கூடப் போயிருந்தார். அந்த வீட்டைச் சூடாக்க விறகு அடுப்பு ஒன்றுதான்.

கூரை தகரம். அதன் குறுக்கே இரண்டு வரிசை இரும்புக் கம்பிகள் ஓடின. கோடையில் ஏறிப் பார்த்த அத்தானுக்கு அவை பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் கூரை என்றால் விழுந்தது உடனே வழிந்து ஓடவேண்டும். சருகு தங்கினாலே ஒழுக்குத்தான். பனியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். கம்பிகளைக் கழற்றி, துண்டு துண்டாக வெட்டி, பாகற்கொடிக்குப் பந்தல் போட்டார். போதாததற்குத் தகரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பாகற்காய் நன்றாகவே காய்த்தது. பிறகு பனி வந்தது. பல நாள் விழுந்து இறுகிய பனி, ஒரு வெயில் நாளில் மொத்தமும் ஒரே பலகையாக வழுக்கி, கூரையின் கீழ்விளிம்புக்குக் கிட்ட நின்ற புகைபோக்கியைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. கம்பிகள் இருந்ததே பனியைப் பிடித்து வைக்கத்தான்.

புகைபோக்கிகளைப் பரிசோதிக்கும் பெண் வந்து பார்த்துவிட்டு, புதுக் குழாய் போட்டு, கம்பிகளைத் திரும்ப ஏற்றி, தான் சம்மதித்த பிறகுதான் அடுப்பில் நெருப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று மாலை சின்ன மின்சூடாக்கி ஒன்றின் முன்னால் மூவரும் போர்வையோடு இருந்தோம். அக்கா சத்தம் போடவில்லை. “இஞ்சேருங்கோ, இன்னொருக்கா உது விழுந்தா நான் பீலெஃபெல்டுக்குப் போயிடுவன். நீங்கள் பாகற்காயோட குடும்பம் நடத்துங்கோ” என்றார். “ஓம், ஓம்” என்றார் அத்தான், சூடாக்கியைப் பார்த்தபடி. அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் பந்தலைப் பிரித்தோம். வெட்டிய கம்பிகளைச் சேர்த்துப் பார்த்தால் மேலே ஒரு வரிசைக்குத்தான் போதுமாயிருந்தது. அதற்குக் கீழே புகைபோக்கி வரைக்கும் வெறும் தகரம். குழாய்க்கு மேல்பக்கம் ஒரு பலகையை நிமிர்த்திச் சுவராக அடித்துவிடலாம் என்றேன். அத்தான் தலையை ஆட்டினார். “பனியை மறிச்சா அடிக்கும் தம்பி. கிழிச்சு விடவேணும்.” பழைய கடதாசி மட்டையை மடித்து, வள்ளத்தின் முன்மூக்கான அணியம் மாதிரி ஒரு கூர் செய்து காட்டினார். கூர் மேல்பக்கம் பார்க்க, அதன் முதுகுக்குப் பின்னால் குழாய் ஒளிந்து நிற்கும். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, “கடலை விட்டிட்டு வந்து கூரையில வள்ளம் விடுறார்” என்று சிரித்தார். கம்பி வரிசையை ஏற்றி, புதுக் குழாயை நிறுத்தி, தடித்த தகரத்தில் அந்த அணியத்தைச் செய்து, குழாயில் ஒட்டாமல், கூரை மரங்களில் திருகாணி முறுக்கி இறுக்கினோம். ஆணித் துளைகள் ஒழுகாமல் ரப்பர் வளையம் போட்டது மட்டும் என் யோசனை. பரிசோதகப் பெண் வந்து அசைத்துப் பார்த்து, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டு, நெருப்பு மூட்டலாம் என்றார்.

அதன் பின் திரும்பவும் பனி ஏறியது. ஒரு மதியம், மீன் குழம்போடு சோறு தின்றுகொண்டிருந்தபோது, லொறியிலிருந்து கல்லுக் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் தலைக்கு மேலே ஓடியது. ஜன்னல் இருண்டு வெளித்தது. அத்தான் எழும்பவில்லை. “நீர் போய்ப் பாரும்” என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். அக்கா போனவர் வரவில்லை. பொறுக்க ஏலாமல் நாங்களும் போனோம்.

முற்றத்தில் இரண்டு பனிக் குவியல்கள். ஒன்று பாதையை மூடியிருந்தது, மற்றதன் கீழே நான் கடைக்குப் போய்வர வாங்கியிருந்த பழைய சைக்கிள். மேலே இரண்டுக்கும் நடுவில் குழாய் நேராக நின்று புகைத்துக்கொண்டிருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து அதையே பார்த்தபடி நின்றார்.

“அப்ப பீலெஃபெல்ட்?” என்று கேட்டார் அத்தான்.

“முதல்ல பனி அள்ளுற சவளை எடுத்துப் பாதையை வெட்டுங்கோ. பெடியன்ர சைக்கிளையும் தோண்டுங்கோ” என்றார் அக்கா.

இப்போது நான் மியூனிக்கில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். என் அறையில் சுவரோரக் குமிழைத் திருகினால் சூடு வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நிற்கிறார்கள், வீடு நிறையச் சத்தம். பீலெஃபெல்டுக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று சும்மா சீண்டினேன்.

“எங்க போறது?” என்றார் அக்கா. “திரும்பிப் போறதுக்கு நல்ல சாட்டு ஒண்டு கையில இருந்தது. அதையும் இந்த மனுசன் தகரம் அடிச்சுக் கெடுத்துப்போட்டார்.”