பறவைக் காவல்

அர்ச்சுனனை அந்த ஏரிக்குக் கூட்டிவந்தவன் நான். அதனால் இதில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் வராது.

எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். ஜவ்வாது மலையடிவாரத்துப் பெரிய ஏரி நிரம்பி, வடக்கேயிருந்து வாத்துகள் கூட்டங்கூட்டமாக இறங்கியிருந்தன. வாத்துக்கு வலைபோடுகிறவர்கள் வருவதற்குள் காவலுக்கு ஆள் போடச் சொல்லி ரேஞ்சர் நச்சரித்தார். நான் அப்போது காட்டிலாகாவில் கார்டு. மலைமேல் நெல்லிவாசல்நாட்டு ஊர்களில் விசாரித்ததில், பறவைக் காவலுக்கு அர்ச்சுனனை விட்டால் ஆளில்லை என்றார்கள். சர்க்கார் வேலை என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையைக் காட்டி, "பறவைக் காவல், பாத்துக்க" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மலையில் சாமைக் கதிர் முற்றும்போது பரணேறி, கவண்கல் வீசிப் பறவைகளை விரட்டுவதற்குப் பெயர்தான் பறவைக் காவல். அது எனக்கும் தெரியும். அன்றைக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் ரேஞ்சர் மேலதிகாரிகளோடு வந்தார். ஏரியில் வெறும் தண்ணீர். கரையில் புதுப் பரண். அர்ச்சுனன் கவணோடு இறங்கி ஓடிவந்து கும்பிட்டான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஒண்ணகூட எறங்க வுடலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்தான். ரேஞ்சர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"வெரட்டக் கூடாதுன்னு தெளிவா சொன்னேன் சார்" என்றேன்.

அர்ச்சுனனின் சிரிப்பு நின்றது. கவணைச் சுருட்டி இடுப்பில் மறைத்துக்கொண்டான்.

கோரைக்குள் ஒரு வாத்து மட்டும் மிஞ்சியிருந்தது. இறக்கையை ஒடித்தது அவன் கல்தான். மஞ்சள் பற்றுப் போட்டு, நெல் வைத்துப் பிழைக்கவைத்தான். பத்து நாளில் மற்றவை திரும்பின. அதன்பின் அவன் கரையில் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். வலையோடு வந்தவர்களைத் தனியாளாக மடக்கினான். யார் பாராட்டினாலும் தலை குனிந்துகொள்வான்.

பங்குனியில் ஒரு காலை வாத்துகள் கிளம்பின. ஒடிந்த இறக்கைக்காரி தண்ணீர்மேல் படபடவென்று ஓடினாள். எழும்ப முடியவில்லை. மறுபடி ஓடினாள். அர்ச்சுனன் என் பக்கத்தில் நின்றிருந்தான்.

"நீங்க அன்னிக்கே தெளிவா சொன்னீங்க சார். எனக்குத்தான் காதுல வுழல."

நிஜமாகவே நம்பியிருக்கிறான். நான்கு மாதமாக யோசித்து யோசித்து, நான் சொல்லாததைச் சொன்னதாகவே நம்பிவிட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லையடா, நான் சொல்லவேயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.