சலோமத்தின் சட்டைக் கைக்குள் இருந்த காடை

சலோமத்துக்குப் பயம் ஆறு வயதில் வந்தது. தாஷ்கண்ட் நகரமே விடியற்காலையில் குலுங்கிய ஆண்டு அது. அம்மா அவளைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெறுங்காலோடு நின்ற அந்தக் குளிர் இன்னும் அவள் காலைவிட்டு இறங்கவில்லை. அறுபத்திரண்டு வயதிலும் செருப்பை வாசல் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பாள். லிஃப்டில் ஏறமாட்டாள், நாலு மாடிக்கும் படிதான். முப்பது வருடம் தையல் ஆலையில் இருந்தவள், ஊசி உடைந்தால் உடைந்த துண்டு கைக்குக் கிடைக்கும்வரை மெஷினைத் தொடமாட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆலையிலேயே விரலில் ஊசி ஏறாத ஒரே பெண் அவள்தான்.

பயத்திலெல்லாம் பெரிய பயம் போன பனிக்காலத்தில் வந்தது. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் கணவர் எர்காஷ், ரொட்டி வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்து வந்தார். ஆனால் மனசு அதிரவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவர் லிஃப்டில் ஏறினால் இவள் படியில் ஓடுவாள். மேலே கதவு திறக்கும்போது மூச்சிரைக்க எதிரே நிற்பாள், உயிரோடுதான் வந்தாரா என்று பார்க்க.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. எர்காஷ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"யாங்கியாபாத் சந்தைக்குப் போறேன். டாக்டர் நடக்கச் சொன்னாரா இல்லையா?"

"நடக்கத்தான் சொன்னாரு. பழைய குப்பையைச் சுமக்கச் சொல்லலை."

"குப்பையா? இசைத்தட்டும்மா, பழைய பாட்டு!"

"செத்தவங்க வீட்டுச் சாமான். யாரு கண்ணு பட்டதோ."

தனியே அனுப்ப முடியுமா? கூடவே போனாள். தரையில் விரித்த போர்வைகளில் கெட்டில், பதக்கம், கையொடிந்த பொம்மை, புத்தகம் எல்லாம் கலந்து கிடந்தன. எர்காஷ் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அவர் குனியும்போதெல்லாம் இவள் மூச்சு நின்றது. வெனெரா என்ற தாத்தார் இனத்துப் பெண் இசைத்தட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சேத்தது அண்ணே. அவரு போயி நேத்தோட நாப்பது நாள்."

சலோமத் கணவரின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எர்காஷோ பன்னிரண்டு தட்டுகளை எடுத்துக் கட்டச் சொன்னார். அதோடு ஒரு சதுரங்கப் புத்தகமும். அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இதே இடத்தில் மறுபடியும் தோற்றேன்.'

"பாவம், நல்ல மனுசன்," என்று சிரித்தார் எர்காஷ்.

"போனவரைப் பத்திச் சிரிக்காதீங்க," என்று தட்டுக் கட்டைப் பிடுங்கித் தானே சுமந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே சந்தை, இந்தத் தடவை பறவைக்காரர்கள் பக்கம். அடியில் வலை கட்டிய சுரைக்குடுக்கைக் கூண்டில் ஒரு காடை.

"அஞ்சு தரம் விடாம கூவும் அண்ணே. கொறைஞ்சா திருப்பிக் குடுங்க," என்றான் காடைக்காரன்.

"இப்ப ஏன் கூவலை?" என்றாள் சலோமத்.

"அக்கா பாக்குற பார்வையில நானே கூவமாட்டேன்."

எர்காஷ் வாய்விட்டுச் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறார். இத்தனை சிரிப்பை அந்த நெஞ்சு தாங்குமா என்று அவள் பையிலிருந்த மாத்திரையைத் தடவிப் பார்த்தாள். காடைக்காரன், "சட்டைக் கைக்குள்ள விட்டு வெச்சுக்கங்க, சூட்டுல பழகிடும்" என்று சொல்லி ஓர் ஆமைக்குஞ்சையும் இனாமாகக் கொடுத்தான். வழியெல்லாம் எர்காஷ் குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தையிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குடுக்கையைக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டுவிட்டு அவர் உள்ளறையில் சற்றுச் சாய்ந்தார். ஆமை அலமாரிக்கடியில் போய்விட்டது. சலோமத் ஜன்னலைச் சாத்தினாள். சட்டியில் இஸிரிக் செடியைக் கொளுத்தி, தட்டுகளையும் புத்தகத்தையும் மூன்று சுற்றுச் சுற்றினாள். அவளைக் குறைசொல்ல நான் விடமாட்டேன். அந்த ஊரில் புது உயிரோ பழைய சாமானோ வந்தால் கண்ணேறு போகப் புகை போடாத வீடு உண்டா? கல்யாணப் பெண்ணுக்கே போடுகிறார்கள். ஆனால் கல்யாணப் பெண் சுரைக்குடுக்கைக்குள் உட்கார்ந்து கூரையில் தொங்குவதில்லை. மேலே ஏறிய புகை எங்கே போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

மேலே சின்னதாக ஒரு 'தொப்'. அண்ணாந்து பார்த்தாள். காடை கால் இரண்டையும் மேலே தூக்கிக் கிடந்தது.

ஐயோ, இதைப் பார்த்தால் அவர் நெஞ்சு நின்றுவிடும்! ஜன்னலைத் திறந்து காடையைக் காற்றில் பிடித்தாள். அசையவில்லை. உள்ளே கட்டில் முனகியது. கூண்டின்மேல் துணியைப் போட்டாள், காடையைத் தன் அகலமான சட்டைக் கைக்குள் விட்டு மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள்.

"என்ன இவ்வளவு புகை?" எர்காஷ் வந்தார்.

"செத்தவர் கண்ணு போகணும்ல."

"காடை?"

"தூங்குது. எழுப்பாதீங்க. நான் டீ போடறேன்."

அவள் டீயோடு வந்தபோது இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பெண் குரல், பின்னால் பறைச்சத்தம். ஒற்றைக் கையால் ஊற்றினாள். பாதி மேசைவிரிப்பில் போயிற்று.

"அந்தக் கைக்கு என்ன?"

"பழைய ஊசி ஏறின வலி."

"உன் கையில ஊசியே ஏறினதில்லையே சலோமத். முப்பது வருசமா ஊரெல்லாம் அதைத்தானே சொல்லிட்டிருந்தே."

அவள் கோப்பையை அவர் பக்கம் நீட்டினாள். அந்த நேரம் பார்த்து முழங்கையை ஏதோ பிறாண்டியது. வீலென்று கத்தினாள். கோப்பை விழுந்தது. சட்டைக் கையிலிருந்து காடை தலையை நீட்டி, கட்டிலிலிருந்து விழுந்து விழித்தவன்போல் பார்த்தது.

எர்காஷ் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க! மாத்திரை எங்க? என்னங்க!"

"கத்தாதே. எனக்கு ஒண்ணுமில்லை. நீ அடுப்படியில இருந்தப்பவே துணியைத் தூக்கிப் பாத்துட்டேன். கூண்டு காலி. உன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. கேட்டா நீ விழுந்துடுவியோன்னுதான் பாட்டைப் போட்டேன்."

"எனக்கா? எனக்கு என்ன ஆகும்?"

"நாலு மாடி ஓடிவந்து லிஃப்ட் வாசல்ல நாக்குத் தள்ள நிக்கிறியே, தெனம். ஒருநாள் கதவு தொறக்கறப்ப நீ இருக்கமாட்டியோன்னு எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது."

அவள் உடைந்த கோப்பைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினாள், இடது கையை மார்போடு ஒட்டிக்கொண்டே. காடையை வெளியே விட மனமில்லை.

வெயில் தாழ்ந்தபோது சட்டைக்குள்ளிருந்து 'பிட்-பில்டிக்' என்று ஒரு கூவல் வந்தது. எர்காஷ் விரல் மடக்கினார். இன்னொன்று. மூன்று. அத்தோடு நின்றது.

"மூணுதான். கொறைஞ்சா திருப்பித் தரலாம்னு சொன்னான்."

"எண்ணாதீங்க," என்றாள் சலோமத். "அது பயந்து போயிருக்கு."