சாருக்கு அக்கா கிடையாது

பாடகர் மேடையில் கையை உயர்த்தினால் கூட்டம் கத்தும். டெய்லரம்மாவின் கண் மட்டும் அவருடைய அக்குளுக்குப் போகும். தையல் தாங்குகிறதா, லைனிங் வெளியே எட்டிப் பார்க்கிறதா என்பதுதான் அவள் கவலை. அவருடைய கோட்டுகள் எல்லாவற்றையும் தைப்பவள் அவள். அவருடைய சொந்த அக்காவும் அவள்தான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். காலர் மட்டும்தான். கை தைப்பவள் வேறு, பட்டன் வைப்பவள் வேறு. தன் காலர் முழுச் சட்டையாகி நிற்பதை அவள் பார்த்ததெல்லாம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான். தம்பி முதன்முதலாக மேடை ஏறியபோது போட்டுக்கொள்ள நல்ல கோட்டு இல்லை. புருஷனின் கல்யாணக் கோட்டைப் பிரித்து, வெட்டி, தம்பியின் ஒல்லி உடம்புக்குச் சரியாகத் தைத்துக் கொடுத்தாள். அவள் புருஷன், பஸ் டிரைவர், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: "என் கோட்டுக்குக் கிடைச்ச கைதட்டு எனக்கு ஒருநாளும் கிடைக்கல."

தம்பிக்குப் பெயர் வந்ததும் அவனே வந்து கூப்பிட்டான். "கண்டவங்க தைக்கிறது எனக்குப் பொருந்த மாட்டேங்குதுக்கா. நீ வந்துடு." கம்பெனியை விட்டாள். ஒத்திகை மண்டபத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் கூட்டித் துடைத்து மெஷினைப் போட்டாள். ஊர் அவனை எப்படிக் கொண்டாடினாலும் அவளுக்கு அவன் "டேய்"தான். கோபம் வந்தால் "சளிமூக்கா." அம்மா சலவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அந்த மூக்கு எவ்வளவு ஒழுகும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வினை ஒரு பட்டனில் ஆரம்பித்தது. அன்று ஒத்திகை பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். புதுக் கோட்டின் பட்டன் மாட்டவில்லை. அவள் மண்டபத்தின் நடுவில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"டேய், வயித்தை எக்குடா! பாடுற நேரம் போக மீதி நேரமெல்லாம் தின்னுக்கிட்டே இருப்பியா?"

டிரம்ஸ்காரன் சமயம் பார்த்து ஒரு அடி அடித்தான். மண்டபமே சிரித்தது. மறுநாள் ஊர் முழுக்க எல்லார் செல்போனிலும் பத்திரிகைக்காரர்கள் எடுத்த அந்த வீடியோ ஓடியது. பார்த்தவர்கள் ஆசையாகத்தான் சிரித்தார்கள். மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டெய்லரம்மா," என்று மெஷின் பக்கம் வந்து நின்றார். "இனிமே எல்லாரும் அவரை 'சார்'னுதான் கூப்பிடணும். பெரிய பெரிய பாட்டுக் கம்பெனி ஆளுங்க வந்து போற இடம். அவ்வளவு பெரிய மனுஷனைப் போய் டேய்னா எப்படி?"

"பெரிய மனுஷனா? அவன் மூக்கைச் சிந்திவிட்ட கை இது."

"ஐயையோ, அதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லி வைக்காதீங்க."

"இதை அவன் சொன்னானா, நீங்களாச் சொல்றீங்களா?"

மேனேஜர் ஒரு செல்போனை எடுத்துப் பார்த்தார், அதை வைத்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தார். "சாருக்கும் சம்மதம்தான்."

அவள் நேரே தம்பியின் அறைக்குப் போனாள். அவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டும் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவளைப் பார்த்துச் சொன்னான்: "வெளியில மட்டும்தான்க்கா. வீட்டுல நீ என்னை என்ன வேணாலும் கூப்பிடு."

அந்த "வெளியில மட்டும்" அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"அவன் சாருன்னா நான் யாரு?" என்றார் புருஷன், அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே. "சாருக்கு அத்தானா, இல்ல அத்தான் சாரா?"

அவள் சிரிக்கவில்லை. "வேலையை விட்டுடட்டுமா?"

"விடு. காலர் கம்பெனி எங்கயும் ஓடிப் போயிடல."

"காலர் தைக்க எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. ஆனா இப்பப் போனா ஓடிப் போன மாதிரி இருக்கும். நான் எதுக்கு ஓடணும்?"

கொஞ்ச நாள் எதையும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டிப் பார்த்தாள். "சாப்பாடு ஆச்சா?" "கையைக் கொஞ்சம் தூக்கினா தேவலை." "நாளைக்குக் கறுப்புக் கோட்டுதானே?" யாரிடம் பேசுகிறாள் என்று சுவருக்குத்தான் தெரியும். அதுவும் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது.

"சாரை நீங்க கூப்பிடவே மாட்டேங்கிறீங்களே."

அவள் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து மெத்தைப் பந்தில் குத்தி வைத்தாள். "கூப்பிடுறேன். ஆனா ஒண்ணு. கயித்துக்கு ரெண்டு முனை இருக்கு. அவரு எனக்கு சாருன்னா நான் அவருக்கு அக்கா இல்ல. உங்களை மாதிரி அவரும் என்னை டெய்லரம்மான்னுதான் கூப்பிடணும். வேற எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். போய்ச் சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று மேனேஜர் சந்தோஷமாகப் போனார்.

மறுநாளிலிருந்து அந்த மண்டபத்தில் அவளைப் போல "சார்" போட ஆள் இல்லை. "வணக்கம் சார். அளவு பார்க்கணும் சார். முடிஞ்சுது சார், போகலாம் சார்." முதல் நாளே அவன் பழக்கத்தில், "அக்கா, இந்தக் கை கொஞ்சம் இறுக்குது," என்று அறைக்குள் தலையை நீட்டினான். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த டிரம்ஸ்காரன், "காது கேக்கலையா டெய்லரம்மா?" என்றான்.

"அக்கான்னு யாரையோ தேடுறாரு. இங்க அந்தப் பேருல யாரும் வேலைக்கு இல்ல."

தையல் வேலை ஒன்றும் குறையவில்லை. குறைந்ததெல்லாம் மற்றவைதான். முன்பெல்லாம் ஒத்திகை முடிந்ததும் பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்பாள். அது டெய்லர் வேலை இல்லையே, விட்டுவிட்டாள். சாயங்காலம் வேலை நேரம் முடிந்ததும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். தொண்டை கட்டியிருந்த நாளில் "போதும், வாயை மூடு" என்று சொல்ல ஆள் இல்லாமல் அவன் பாடிக்கொண்டே இருந்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் "சூப்பர் சார்" என்றார்கள்.

பிறகு அந்தப் பூப்போட்ட கோட்டு வந்தது. துணி அவன் தேர்ந்தெடுத்தது. போட்டுக்கொண்டு நின்றான். "சூப்பர் சார்," என்றார் மேனேஜர். "சூப்பர் சார்," என்றான் டிரம்ஸ்காரன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. அவன் அவளைப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

"சாருக்குப் பிடிச்சிருந்தாச் சரி சார்."

அதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினான். சோபா எழுந்து நின்று பாடுகிறது என்று ஊரே சிரித்தது. இந்தச் சிரிப்பில் ஆசை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் வீட்டுக்கு வந்தான். கூட யாரும் இல்லை. வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். கதவைத் திறந்த பஸ் டிரைவர் உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏய், சார் வந்திருக்காரு! நாற்காலியைத் துடை!"

"அத்தான், நீங்களுமா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க சார். உக்காருங்க சார். லீவு நாள்ல வந்திருக்கீங்க, எதுவும் அவசரத் தையலா சார்?"

"வெளியில மட்டும்னுதானே சொன்னேன்? வீட்டுக்குள்ள என்னக்கா இது?"

"உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு இருக்க நான் என்ன கோட்டா? எனக்கு லைனிங் கிடையாது."

"அந்தத் துணி சோபா மாதிரி இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"சாரைப் பாத்து சோபான்னு சொல்ல முடியுமா சார்?"

பஸ் டிரைவர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனார். தம்பி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். குரல் இறங்கிவிட்டது.

"திட்டுக்கா. ஒரே ஒரு தடவை டேய்னு திட்டிடு. இங்க யாரு இருக்கா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. போய்க் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

"சாத்தின கதவுக்குள்ள மட்டும் அக்காவா இருக்க எனக்கு இஷ்டமில்ல. என்னை நீ எங்க வச்சு..." நாக்கு பழைய தடத்தில் ஓடிவிட்டது. இழுத்துப் பிடித்தாள். "எங்க வச்சு அக்கா இல்லன்னு ஆக்குனீங்களோ, அங்க வச்சுத்தான் அக்கான்னு சொல்லணும் சார்."

அவன் டீ கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

"அவன் சொல்லாமலே இருந்துட்டா?" என்றார் புருஷன். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "தம்பி இல்லாமப் போயிடுவான்டி."

"சாரா இருந்தா, ஏற்கெனவே போயாச்சு," என்றாள். சொல்லிவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

அந்த வாரம் மண்டபத்துக்குப் பாட்டுக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் அவர்களுக்கும் மேடைக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தார். பாடகர் விளக்குக்கு அடியில் புதுக் கறுப்புக் கோட்டில் நின்றார். டெய்லரம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடை ஏறினாள்.

"கையைத் தூக்குங்க சார்."

அவன் தூக்கவில்லை. "அக்கா," என்றான், மெதுவாக.

அவள் கைநீளம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"யாரையோ கூப்பிடுறீங்க போல சார். முன்னாடி நிக்கிற எனக்கே காதுல விழல."

அவன் முன்வரிசையைப் பார்த்தான். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். மேனேஜர் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் கோட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். வாய் திறந்தது, மூடியது. கிளம்பிவிடலாம் என்று அவள் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா!"

பாடிப் பழகிய குரல். மைக் இல்லாமலே கடைசி நாற்காலி வரை போய் வந்தது. டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

"இது என் அக்கா," என்றான் முன்வரிசையைப் பார்த்து. "என்னை டேய்னுதான் கூப்பிடும். நடுவுல நான்தான் வேணாம்னு சொல்லியிருந்தேன்." செல்போன் அவன் முகத்துக்கு நேராகவே இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பக் கையைத் தூக்குடா. எவ்வளவு நேரம் நிக்கிறது நான்?"

அவன் இரண்டு கையையும் தூக்கினான். தையல் தாங்கியது.

வேலை முடிந்து அவள் கீழே இறங்கியதும் மேனேஜர் ஓடி வந்தார். கம்பெனி ஆட்கள் கோபிக்கவில்லை என்பதில் அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

"அப்ப இனிமே உங்களை நாங்க என்னன்னு கூப்பிடுறது? சாரோட அக்கான்னா... மேடம்னு சொல்லலாமா?"

"ஏன், டெய்லரம்மாவுக்கு என்ன குறை?" என்றாள் அவள். "அக்காவாப் பொறந்தது தானா வந்தது. டெய்லரம்மா நான் சம்பாதிச்சது. அப்படியே கூப்பிடுங்க."