பன்றியின் பேரில் ஓர் அர்ச்சனை

பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து என் மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகு ஒடிந்த எலிகள் ஒரு புது மருந்தால் நடந்தன என்று போனில் படித்துவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"எலியோட தண்டுவடம் நூல் மாதிரிம்மா. நம்மளுது அளவுக்குக் கிட்ட வர்றது பன்னியோடதுதான். மயக்கம் குடுத்து, பன்னி முதுகுல அடிபட வச்சு, அந்த மருந்தக் குடுத்துப் பாக்கறாங்க. அதுங்க நடந்தப்புறம்தான் மனுஷனுக்கு."

நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். "அப்போ நெறைய பன்னிங்கள வச்சு சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

சக்கர நாற்காலியிலிருந்து மகன் கேட்டான்: "அதுங்களுக்கு மூத்திரம் யார் சார் எடுத்து வுடுவாங்க?"

"அதுக்கு ஆள் இருக்காங்கப்பா. ட்யூப் போட்டு எடுப்பாங்க."

"எங்கம்மா மாதிரி" என்றான்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், சாக்கடையோரம் ஒரு பன்றி ஓடியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் சிரித்தான். "அதப் பாத்து மூஞ்சத் திருப்பிக்காதமா. அது நடந்தாதான் நான் நடப்பேன். நாளைக்குக் கோயில்ல அதுக்கும் சேத்து வேண்டிக்கோ."

மறுநாள் அந்த நினைப்போடுதான் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "யார் பேருக்கு?" என்றார் அர்ச்சகர். பின்னால் வரிசை நின்றது. மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னேன். மனதுக்குள்கூட வேறு யாருக்கும் வேண்டவில்லை.

"அதுக்கும் வேண்டிக்கினியாமா?" என்று வீட்டில் கேட்டான்.

"வேண்டிக்கினேன்பா."

படுக்கைப்புண் வராதிருக்க அவனைப் புரட்டிப் படுக்கவைத்தேன். அவன் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.