களிமண் வீட்டைச் சுற்றி நின்ற தண்ணீர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். மீனாட்சி தாயை வேண்டிக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

ஒத்தக்கடையில் நாங்கள் புதுவீடு குடிபோன சமயம். மகளும் கூடப் படிக்கும் மூன்று பிள்ளைகளும் பள்ளி புராஜெக்டுக்காக எங்கள் ஏரியாவைக் களிமண்ணில் செய்தார்கள். ஆளுக்கொரு தெருவாக நடந்து மேடு பள்ளம் பார்த்து, சண்டை போட்டுத் திருத்தினார்கள். பிறகு செம்பில் தண்ணீர் எடுத்து அதன்மேல் ஊற்றினார்கள். எங்கள் வீடு மட்டும் கரைந்து சாய்ந்தது.

"அத்தே, எம்புட்டு ஊத்துனாலும் உங்க வீட்டுக்குத்தான் வருது," என்றான் அவர்களில் ஒருவனான கொத்தனார் மகன்.

"விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேச்சு? வீட்டத் தள்ளி வைங்க."

"வீட்டத் தள்ளலாம் அத்தே, தண்ணிய எங்கிட்டுத் தள்ள?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அபசகுனம் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டச் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. கைக்குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு, பூஜை அறையில் கண்மூடி உட்கார்ந்திருந்தேன். கால் நனையவும் கண் திறந்தேன். கூடத்தில் பாய் மிதந்தது. அதில் பிள்ளை இல்லை.

தண்ணீருக்குள் கையைவிட்டுத் துழாவினேன்.

"அம்மா, தம்பி எங்கிட்ட இருக்கான்," என்றாள் மகள், மாடிப்படியிலிருந்து. "மழை தொடங்கவுமே தூக்கிட்டேன்."

சாமி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. நாலு பிள்ளைகள் வாயால் சொன்னதால் எனக்கு விளங்கவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், என் அறியாமையை மறைக்காமல் நடந்தபடியே சொல்லுங்கள்.