சோமா அன்ரி எங்கள் அம்மாவுக்காகக் கொடுத்த தானம்

சோமா அன்ரி இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். "அம்மா எங்களை விட்டுப் போயிட்டா" என்று மாத்தறையில் இருந்து அவருடைய மகள் திலினி இங்கிலிஷில் எழுதியிருந்தாள். கப்பல்துறையில் இருந்து டவுன் வரும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்...

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. நான் ஏ.எல். படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் மாத்தறையில் ஒரு சிங்களப் பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் பரிமாற்றம் நடந்தது. முதலில் நாங்கள் அங்கே போய் அவர்களின் வீடுகளில் பத்து நாள் தங்குவது. பிறகு அவர்கள் வந்து எங்கள் வீடுகளில் தங்குவது.

"நீங்கள் ஒவ்வொருத்தரும் எங்கட தூதுவர். கவனமா நடக்க வேணும்" என்று பஸ் ஏறும்போது டீச்சர் சொன்னார். அந்தத் தூதுவர்களில் நானும் ஒருத்தி.

எனக்குக் கிடைத்தது திலினியின் வீடு. சோமா அன்ரி அவளுடைய அம்மா. அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. திலினியின் இங்கிலிஷையும் என் இங்கிலிஷையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணும். அதை வைத்துக்கொண்டு பத்து நாள் ஓயாமல் கதைத்தோம்.

வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும் அன்ரி சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கி வந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் மீன் இல்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காத அங்கிள், பருப்பைப் பிசைந்தபடி என்னைப் பார்த்த பார்வை... பாவம் மனுசன்.

"உங்கட வீடு எப்படி?" என்று திலினி கேட்டாள். மேல்மாடி, ஜன்னலைத் திறந்தால் துறைமுகம், உனக்குத் தனி அறை என்று வாய் கூசாமல் அளந்தேன்.

துறைமுகம் தெரியும் என்பது மட்டும் உண்மை. நாங்கள் ஐஸ் கொம்பனிக்குப் பின்னால் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். கக்கூஸ் நாலு குடும்பத்துக்கு ஒன்று.

அவர்கள் வரும் நாள் நெருங்க நெருங்க நான் என்ன சாட்டுச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டு இருந்தேன். அம்மாவோ பக்கத்து வீட்டில் கட்டில் இரவல் வாங்கிப் புதுப் பெட்சீற் விரித்துவிட்டார். "சாப்பிடு மகள்" என்பதைச் சிங்களத்தில் பாடமாக்கிக்கொண்டு திரிந்தார்.

நான் டீச்சரிடம் போய், "வீட்டில அம்மாவுக்கு அம்மாள் வருத்தம் டீச்சர்" என்றேன்.

அம்மை கண்டு கொப்பளிப்பான் போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கும். வெளியாள் உள்ளே போகக் கூடாது. சாமி காரியம் என்பதால் யாரும் துருவிக் கேட்கவும் மாட்டார்கள். இதெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

"உனக்கு முந்தி வந்ததே?"

"ஓம் டீச்சர், சின்னனில."

"அப்ப அந்தப் பிள்ளையை ஹொஸ்டலில விடுவம். வேற என்ன செய்ய ஏலும்."

அம்மாவிடம், "ஹொஸ்டலிலதான் நிக்க வேணுமாம், புது ரூல்" என்றேன். அம்மா கட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் பயத்தம் பணியாரம் சுட்டு, "அந்தப் பிள்ளைக்குக் குடு" என்று தந்துவிட்டார். அம்மாள் வந்த வீட்டுப் பலகாரத்தை எப்படிக் கொடுப்பது? உள்துறைமுக வீதியில் நின்று அத்தனையையும் நானே தின்றேன்.

கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர்களுக்கும் அது தெய்வத்தின் வருத்தம்தான், அவர்களுக்கும் வேப்பிலைதான் என்பது இந்தத் தூதுவருக்குத் தெரியவில்லை. திலினி ஊருக்குப் போய்ச் சொன்னதும், சோமா அன்ரி பத்தினித் தெய்வத்துக்கு நேர்ந்து, ஏழு தாய்மாரை வீட்டுக்கு அழைத்துப் பாற்சோறு கொடுத்திருக்கிறார்.

எங்கள் அம்மாவுக்காக.

போட்டோ தபாலில் வந்தது. பாயில் வரிசையாக ஏழு பெண்கள், பக்கத்தில் கரண்டியோடு அன்ரி. கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் கோல் எடுப்பார். "அம்மாட முகத்தில தழும்பு இருக்கா மகள்?" என்று கேட்பார். "இல்லை அன்ரி" என்பேன். அது ஒன்றுதான் நான் அவருக்குச் சொன்ன உண்மை.

வேலை கிடைத்தபின் ஒரு ட்ரெய்னிங்குக்காக மாத்தறை போனேன். இந்த முறை சொல்லிவிடுவது என்றுதான் அன்ரி வீட்டுக்கும் போனேன். கதிரையில் இருந்து வாயைத் திறக்கப் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். "இவட அம்மாவுக்குத்தானே நாங்க அண்டைக்குத் தானம் சாப்பிட்டது" என்று என் தலையைத் தடவினார். அன்ரி சந்தோசமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். என்னால் முடியவில்லை.

நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். "ஒரு மனிசி இவ்வளவு காலமும் எனக்காகக் கும்பிட்டிருக்கு. நான் ஒருநாளும் அவவை எப்பிடிச் சுகம் எண்டு கேக்கேல்லையே" என்றார்.

பிறகு என்னோடு கதைக்கவில்லை. இன்று காலையும் கதைக்கவில்லை.

ஏழாம் நாள் தானத்துக்கு வரச் சொல்லித் திலினி கேட்டிருக்கிறாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்... அவளுடைய அம்மா பார்க்க ஆசைப்பட்ட முகமாம்.

திலினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கீழே மொழிபெயர்ப்பு பட்டன் இருக்கிறது. அவளை டாக் பண்ணியிருக்கிறேன். வாசித்த பிறகும் வரச் சொன்னால் வருவோம்.

அன்ரி, எங்கட அம்மாவுக்கு அண்டைக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் பொய் சொன்னனான்.

போயிட்டு வாங்கோ.